அமுக்கிய கணத்திலே குதிக்க வேண்டும்!

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையிலே, கரிசல் காட்டின் நடுவே அமைந்திருக்கும் ஊர் டி. கல்லுப்பட்டி. 1940-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமத்தால் பெயர் பெற்ற ஊர் அது. கிராமக் கைத்தொழில்களுக்காகவே வாழ்ந்து 1960-இல் மறைந்த ஜே. ஸி. குமரப்பா தமது கடைசி ஆண்டுகளைக் கழித்ததும் இங்கேதான். 'நிலைத்த பொருளாதாரம்' என்ற கருத்தை நூலாக எழுதியவர் அவர். பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைப் பரணில் ஏற்றுவதற்கு முன்பு ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம், இந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது எழுவது இயற்கைதான்.

டி. கல்லுப்பட்டியிலும் சரி, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சரி, அவ்வாறு பரண் ஏறிய பொருள்களில் ஒன்று பிக்சர் டியூப் வைத்த டெலிவிஷன் பெட்டி. 2006-ஆம் ஆண்டு செப்டம்பரிலே தமிழக அரசு வீட்டுக்கு வீடு 14 அங்குல வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2011 வரை நடந்த அத்திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடிசை வரை சென்றன. அவற்றில் செய்தி பார்த்தவர்கள் பெரியவர்கள். சினிமா பார்த்தவர்கள் எல்லோரும். ஆனால் பின்புறத்து மஞ்சள் ஒயரைச் செருகி, 'டி.வி. கேம்' விளையாடியவர்கள் சிறுவர்கள்!

அந்தச் சிறுவர்கள் இன்று வேலைக்குப் போகும் வாலிபர்கள். பழைய ஆசையில், அதே மாரியோவையும் அதே 'கான்ட்ரா'வையும் மடிக்கணினியிலே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓடுகிறது. ஆனால் ஏனோ மனம் நிறைவதில்லை. படம் கட்டம் கட்டமாக, கண்ணைக் குத்துகிறாற்போல் இருக்கிறது. அதைவிட மோசம், கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளங்களில் எல்லாம் மாரியோ இப்போது விழுந்து சாகிறான்.

"அண்ணே, உனக்கு வயசாயிருச்சு. கை முன்ன மாதிரி ஓடல" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி கேலி செய்வான். அண்ணனும் அதை நம்பிவிடுவான்.

நம்ப வேண்டியதில்லை. கையிலே குற்றம் இல்லை; விளையாட்டிலும் குற்றம் இல்லை. கைக்கும் கண்ணுக்கும் நடுவே, முன்பு இல்லாத ஒரு தாமதம் வந்து குடியேறியிருக்கிறது. அதை விரட்டவும் வழி இருக்கிறது. காசு செலவில்லாத வழி!

ஜப்பானியப் பெட்டி, இந்தியப் பெயர்

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் தேதி, ஜப்பானிலே நின்டெண்டோ என்ற கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. மசாயுகி உயேமுரா என்ற பொறியாளர் தலைமையில் உருவான அப்பெட்டி உலகையே ஆட்டிவைத்தது. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அதற்கென்றே எழுதப்பட்டது. நம் நாட்டுக்கு வந்தவையோ பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் 1990-களில் அவை விற்றன. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுக்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்திருபதுதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் என்ன? அந்தப் பத்திருபதே கோடை விடுமுறைக்குப் போதுமானதாக இருந்தது.

பெட்டிகள் பழுதாகிவிட்டன. கேசட்டுக்கள் தொலைந்தன. ஆனால் விளையாட்டு மறையவில்லை. பழைய யந்திரத்தைப் போலவே நடிக்கும் கணினி நிரல்கள் தோன்றின. இவற்றுக்கு 'எமுலேட்டர்' என்று பெயர். இராமன் வேஷம் போட்ட நடிகன் மேடையில் இராமனாகவே நடந்துகொள்வது போல, இந்த நிரல் கணினிக்குள்ளே பழைய பெட்டியாகவே நடந்துகொள்ளும். 1997-இலேயே 'நெஸ்டிகிள்' என்ற நிரல் அன்றைய எளிய கணினிகளில் நின்டெண்டோ விளையாட்டுக்களை ஓட்டிக் காட்டியது. இன்று 'ரெட்ரோ ஆர்ச்' என்ற நிரல் பலவகைப் பழைய யந்திரங்களாக வேஷம் கட்டுகிறது. அதற்கு விலை கிடையாது. 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய இலவச மடிக்கணினியைப் போன்ற எளிய கணினியிலும் நின்டெண்டோ ஆட்டம் தடையின்றி ஓடும்.

பிறகு ஏன் பழைய சுகம் வரவில்லை?

பிக்சர் டியூப் வரைந்த ஓவியம்

முதலில் படத்தைப் பார்ப்போம். நின்டெண்டோ பெட்டி அனுப்பும் படம் மிகச் சிறியது. குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 வரி, அவ்வளவுதான். பிக்சர் டியூபின் பின்புறத்திலிருந்து பாயும் மின்னணுக் கதிர், மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையைத் தடவிச் செல்லும். கதிர் பட்ட இடம் ஒளிரும். விளையாட்டுப் பெட்டி பாதி வரிகளை மட்டுமே நிரப்பும். மீதி இருட்டாகவே இருக்கும். ஆகவே ஒளிக்கோடு, இருள்கோடு என்று மாறி மாறி அமைந்த மெல்லிய பாயைப் போல் படம் தோன்றும். ஒளிரும் புள்ளியின் ஓரமும் கத்தியால் வெட்டியது போல் இராமல், சற்றே கசிந்து அடுத்த புள்ளியோடு கலக்கும். மஞ்சள் ஒயர் வழியாக வரும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இன்னும் கொஞ்சம் கலந்துபோகும்.

இதெல்லாம் குறைதானே என்று தோன்றும். அன்றைய ஓவியர்களோ இந்தக் குறையையே வர்ணக் குழம்பாக வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள்! 1991-இல் சேகா கம்பெனி வெளியிட்ட 'சோனிக்' விளையாட்டிலே ஓர் அருவி வரும். உண்மையில் அது இடைவெளி விட்டு வரைந்த செங்குத்துக் கோடுகள். பழைய ஒயரிலும் பிக்சர் டியூபிலும் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும்படியான தண்ணீராகக் காட்சி தரும். புதிய எல்.ஈ.டி. திரையிலோ அது வெறும் ஜன்னல் கம்பி!

ஆக, புதிய திரை பொய் சொல்லவில்லை. ஓவியர் மறைக்க நினைத்த உண்மையை எல்லாம் போட்டு உடைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு செங்கல் தூரம்

இனி தாமதத்துக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் உயிர்நிலை.

பிக்சர் டியூப் எதையும் சேமித்து வைப்பதில்லை. சமிக்ஞை வர வர ஒளிரும். புதிய டெலிவிஷன் அப்படியல்ல. வந்த படத்தை முழுதாக வாங்கி வைத்துக்கொள்கிறது, பெரிதாக்குகிறது, கூர்மை ஏற்றுகிறது, புள்ளிகளைத் துடைக்கிறது, அசைவை மழுமழுப்பாக்குகிறது, இத்தனை அலங்காரமும் முடிந்த பிறகே காட்டுகிறது. சினிமா பார்க்கிறவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. படமும் ஒலியும் சேர்ந்தே தாமதித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் விளையாடுகிறவன் கதி என்ன?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நின்டெண்டோ ஆட்டம் செகண்டுக்கு ஏறத்தாழ 60 படம் வீதம் ஓடுகிறது. ஒரு படத்துக்கு ஆகும் காலம், செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சுமார் 17 பங்கு. மாரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு படத்துக்குச் சுமார் இரண்டரைப் புள்ளி நகர்கிறான். அவன் மிதிக்கும் செங்கல் ஒன்றின் அகலம் 16 புள்ளி.

டெலிவிஷனும் கணினியும் சேர்ந்து செகண்டில் பத்தில் ஒரு பங்கு தாமதம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அது ஆறு படக் காலம். அதற்குள் மாரியோ 15 புள்ளி, அதாவது கிட்டத்தட்ட ஒரு செங்கல் தூரம் ஓடிவிடுகிறான். கண்ணுக்குப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறான். உண்மையிலோ ஒரு செங்கல் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டான்! பட்டனை எத்தனை கெட்டிக்காரத்தனமாக அமுக்கினால்தான் என்ன? இறந்துபோனவனுக்கு வைத்தியம் பார்ப்பது போன்றதுதான்.

இந்தத் தாமதத்தைக் கண்கூடாகக் காட்டும் சாட்சி ஒன்று உண்டு. பழைய பெட்டியோடு ஒரு துப்பாக்கி வருமே, வாத்து சுடுவதற்கு! அதன் விசையை இழுத்த உடனே திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணர் கருவி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். புதிய டெலிவிஷனில் வெள்ளைக் கட்டம் தாமதமாக வருகிறது. அதற்குள் பெட்டி "வெளிச்சம் தெரிந்ததா?" என்று கேட்டு, "இல்லை" என்று முடிவும் கட்டிவிடுகிறது. எத்தனை குறி பார்த்துச் சுட்டாலும் அந்த வாத்துக்குச் சாவு கிடையாது!

படத்தைச் சரிசெய்வது எப்படி?

முதலாவது, உருவத்தின் அளவு. பழைய திரை அகலத்துக்கு நான்கு பங்கு என்றால் உயரத்துக்கு மூன்று பங்கு. புதிய அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்தால் மாரியோ பீப்பாய் ஆகிவிடுவான். ரெட்ரோ ஆர்ச்சின் செட்டிங்ஸில் வீடியோ, அதனுள் ஸ்கேலிங் என்ற பகுதிக்குச் சென்று, 4:3 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு பக்கமும் கறுப்பாக இருப்பது குறையல்ல, அதுதான் சரி.

இரண்டாவது, முழு எண் மடங்கு. மடிக்கணினிகள் பலவற்றில் திரையின் உயரம் 768 வரி. 240 வரியை மும்மடங்காக்கினால் 720. மேலும் கீழும் 24 வரி மிச்சம். ஒவ்வொரு பழைய வரியும் சரியாக மூன்று வரியாகும். மிச்சமில்லாமல் நிரப்ப ஆசைப்பட்டால் 3.2 மடங்கு ஆக்க வேண்டும். அப்போது சில வரி மூன்றாகவும் சில வரி நான்காகவும் மாறி, படம் நகரும்போது அலை அடிக்கும். இதைத் தடுக்கவே 'இன்டிஜர் ஸ்கேல்' என்ற வசதி இருக்கிறது. 1080 வரியுள்ள பெரிய டெலிவிஷனில் நான்கு மடங்கு வைத்தால் 960 வரி வரும். ஐந்து மடங்கு வைத்தால் மேலே 12, கீழே 12 பழைய வரிகள் வெட்டுப்படும். பழைய பெட்டிகளிலும் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைந்தேதான் இருந்தன. ஆகவே பல ஆட்டங்களில் இது உறுத்தாது. உயிர் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, ஷேடர். பிக்சர் டியூப் எவ்வாறு ஒளிரும், எவ்வாறு கசியும் என்பதைக் கணக்குப் போட்டு, அதே தோற்றத்தைப் புதிய திரையில் வரையும் சிறு நிரல்கள் இவை. பெயரிலே 'சி.ஆர்.டி.' என்று இருக்கும். 'ராயல்' என்பது பெருந்தீனிக்காரன். வலுவான கணினி கேட்கும். எளிய மடிக்கணினிக்கு 'இசட்-ஃபாஸ்ட்' போதும். வரிகளுக்கு இடையே இருள் சேர்வதால் படம் மங்கும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்தால் சரியாகிவிடும். டெலிவிஷனின் சொந்தக் கூர்மையை அடியோடு குறைத்துவிட வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு மை எதற்கு?

தாமதத்தை விரட்டுவது எப்படி?

இதிலே வரிசை முக்கியம். பெரிய திருடனை முதலில் பிடிக்க வேண்டும். சில்லறைத் திருடர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய திருடன் டெலிவிஷன்தான். அதன் படத் தேர்வில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்ட உடனே அலங்கார வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். சில டெலிவிஷன்களில் தாமதத்தின் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தாலேயே ஒழிகிறது. சில பெட்டிகளில் ஒவ்வோர் எச்.டி.எம்.ஐ. துளைக்கும் இதைத் தனித்தனியே போட வேண்டியிருக்கும். அதைக் கவனிக்காமல், "போட்டுப் பார்த்தேன், பயனில்லை" என்று கைவிட்டவர்கள் உண்டு.

அடுத்தது கைப்பிடி. கம்பியில்லாக் கைப்பிடியில் தாமதம் கூடலாம். யூ.எஸ்.பி. ஒயர் வைத்த சாதாரணக் கைப்பிடியே நம்பகமானது. மடிக்கணினியைப் பாட்டரியில் ஓட்டாமல் மின்சாரத்தில் செருகி, முழு வேகத்துக்கு வைப்பதும் அவசியம்.

பிறகுதான் நிரல். கணினி, தயாரித்த படங்களை உடனே காட்டாமல் இரண்டு மூன்றை வரிசையில் நிறுத்தி வைக்கும் வழக்கமுடையது. கியூவில் நிற்கும் ஒவ்வொரு படமும் 17 பங்கு தாமதம். 'வல்கன்' முறையில் ஓட்டுகிறவர்கள் 'ஸ்வாப்செயின் இமேஜஸ்' என்ற எண்ணை மூன்றிலிருந்து இரண்டாக்கலாம். பழைய 'ஓப்பன் ஜி.எல்.' முறையில் ஓட்டுகிறவர்களுக்கு 'ஹார்ட் ஜி.பி.யூ. சிங்க்' என்ற வசதி அதே வேலையைச் செய்யும். ஒலித் தாமதம் 64 என்று இருந்தால் 32 வரை படிப்படியாக இறக்கலாம். ஒலி கரகரத்தால் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். அதுதான் அந்தக் கணினியின் எல்லை.

கடைசியாக ஓர் அற்புதம்! 'ரன் அஹெட்' என்ற இந்த வசதி 2018-இல் ரெட்ரோ ஆர்ச்சில் சேர்ந்தது. பழைய விளையாட்டுக்களிலேயே, பட்டனை அமுக்கிய பிறகு ஒன்றிரண்டு படம் கழித்தே உருவம் அசையும்படி எழுதியிருப்பார்கள். எமுலேட்டர் என்ன செய்கிறது? பட்டனை அமுக்கிய உடனே ஒன்றிரண்டு படங்களை உள்ளுக்குள்ளே இரகசியமாக ஓட்டிப் பார்த்து, அந்த எதிர்காலப் படத்தைத் திரையில் காட்டிவிட்டு, மறுபடியும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. நாடக ஒத்திகையை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிறவனைப் போல!

எத்தனை படம் முன்னே ஓட்டலாம் என்பதையும் வீட்டிலேயே அளக்கலாம். ஆட்டத்தின் நடுவே 'பி' விசையால் நிறுத்திவிட்டு, கைப்பிடியில் குதிக்கும் பட்டனை அமுக்கியபடியே, 'கே' விசையை ஒவ்வொரு தடவையாகத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு படம். எத்தனையாவது தட்டில் உருவம் அசைகிறதோ, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணே உச்ச வரம்பு. அதை மீறினால் உருவம் துள்ளித் துள்ளி நகரும். நடுவிலே அசைவு காணாமல் போகும். கணினிக்கும் இரட்டிப்பு வேலை. பேராசை இங்கேயும் பெருநஷ்டம்தான்.

இத்தனையும் செய்த பிறகு, "பழைய பெட்டியைவிட வேகமாக ஓடுகிறதே!" என்று சிலர் மிரளக்கூடும். அதற்குக் காரணம் வேறு. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறை செகண்டுக்கு 50 என்ற கணக்கில் அமைந்தது. அதற்கென்று செகண்டுக்கு 50 படமாக மாற்றப்பட்ட பெட்டிகளில் ஜப்பானிய ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 60-இல் ஓடுவதே ஆட்டத்தை எழுதியவர்களின் வேகம். பழகிய மெதுவேகம்தான் வேண்டும் என்கிறவர்கள் நிரலின் பிராந்தியத் தேர்வில் 'பால்' என்று மாற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சட்டமும் பரணும்

எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் விளையாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு நிரலை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் காப்பதற்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஊருக்கெல்லாம் விநியோகிக்க இடமளிக்கவில்லை. நேர் வழியில் விளையாட விரும்புகிறவர்களுக்கு, பழைய நின்டெண்டோவுக்கென்றே இக்காலத்தில் எழுதி விற்கப்படும் புது ஆட்டங்களும் இருக்கின்றன. 2019-இல் வெளிவந்த 'மைக்ரோ மேஜஸ்' அவற்றில் ஒன்று. அதன் மொத்த அளவு 40 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடப் பல மடங்கு சிறியது!

பரணில் இருக்கும் பிக்சர் டியூப் பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால், அதை எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். பழைய பெட்டியையும் பழைய துப்பாக்கியையும் அதில் மாட்டினால், மேலே சொன்ன சிரமம் எதுவும் இல்லாமல் வாத்து விழும். ஆனால் அதன் முதுகைத் திறக்கும் வேலையை அனுபவமுள்ள டி.வி. மெக்கானிக்கிடமே விட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் பிக்சர் டியூபுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும்; ஆளையே கொல்லக்கூடியது. செத்துப்போன பெட்டியையும் குப்பையில் உடைத்துப் போடக் கூடாது. அந்தக் கண்ணாடியிலே ஈயம் கலந்திருக்கிறது. மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுப்பதே நிலத்துக்கும் நீருக்கும் நல்லது.

இது வெறும் விளையாட்டுச் சமாசாரம்தானே என்று பெரியவர்கள் நினைக்கலாம். இன்றைய குழந்தை ஒன்று அப்பாவின் பழைய ஆட்டத்தைப் பத்துத் தடவை ஆடி, பத்துத் தடவையும் அதே பள்ளத்தில் விழுந்தால் என்ன நினைக்கும்? "எனக்கு வராது" என்று கைப்பிடியைக் கீழே வைத்துவிடும். விழுந்தது தன் தவறா, திரையின் தவறா என்று அதற்கு எப்படித் தெரியும்? தவறு செய்தால் தோற்பதும், திருத்திக்கொண்டால் வெல்வதும்தான் அந்தப் பழைய ஆட்டங்கள் கற்றுத்தந்த பாடம். நடுவிலே ஒரு செங்கல் தூரம் தாமதம் புகுந்தால் அந்தப் பாடமே பொய்த்துவிடுகிறது.

ஆகவே பிள்ளையின் கையைக் குறை சொல்வதற்கு முன், டெலிவிஷனின் ரிமோட்டை எடுத்துக் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே மாரியோ பள்ளத்தைத் தாண்டிவிடுவான்.